தனி மனையா? பொது மன்றமா?

விளையாட்டுக் கழகம் என்பது ஆடுகளமும் பந்தும் மட்டும் அன்று. ஆடுவோர், ஆட்டங் காண்போர், பயிற்சி தருவோர், களத்தைச் செப்பனிடுவோர், கணக்கு எழுதுவோர், சிறுவரைக் கைப்பிடித்து அழைத்து வரும் பெற்றோர் ஆகிய பலரும் கூடி வாழும் ஒரு சிறு குடியரசு அது. குடியரசு எனின் அதற்கு ஒரு குரல் வேண்டும். அடுத்த ஆட்டம் எவ்விடத்தில், எந்நேரத்தில் நடைபெறும் என்று அறிவித்தல் வேண்டும். சென்ற ஆட்டத்தில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று உரைத்தல் வேண்டும். புதிதாகச் சேர விரும்புவோர்க்கு வாயிலைக் காட்டுதல் வேண்டும். இணையம் தோன்றுவதற்கு முன்னர் இப்பணிகளைக் கழகத்தின் வாயிலில் தொங்கிய அறிவிப்புப் பலகையும், ஆட்ட நாளில் விற்கப்பட்ட அச்சு நிரலும், ஊர்ச் செய்தித்தாளும் செய்து வந்தன.

இவற்றுள் பலகை கழகத்தின் சொந்தப் பொருள். நிரல் கழகமே வெளியிட்ட ஏடு. செய்தித்தாளோ பிறர் உடைமை. செய்தித்தாள் இடம் தந்தால் கழகத்தின் செய்தியை ஊர் அறியும். இடம் தராவிடின் அறியாது. தன் செய்தியைத் தன் வாயால் கூறுவதற்கும் பிறர் வாயால் கூறுவதற்கும் உள்ள வேறுபாடு அன்றே இருந்தது. இணையம் வந்த பின்னர் அவ்வேறுபாடு பெரியதொரு வினாவாக உருக்கொண்டது.

1989-ஆம் ஆண்டில் ஜெனிவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்சு-லீ என்னும் ஆங்கில அறிஞர் உலகளாவிய வலைக்கு வித்திட்டார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அந்நிலையம் அவ்வமைப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதுமுதல் அரசும் வணிகரும் கல்விக்கூடங்களும் இணையத்தில் தளம் அமைக்கத் தொடங்கினர். விளையாட்டுக் கழகங்களும் பின்தங்கவில்லை. அப்பொழுது எழுந்ததே இவ்வினா: ஒரு கழகம் தனக்கெனத் தனித்தளம் நடத்துதல் நன்றா? அன்றிப் பிறரோடு கூடிப் பொதுத்தளத்தில் இடம் பெறுதல் நன்றா?

மூன்று வழிகள்

கழகத்தின் முன் நிற்கும் வழிகள் மூன்று. முதலாவது, தன் பெயரில் தானே தளம் அமைத்துத் தானே பேணுவது. இது சொந்த மனை கட்டிக் குடியிருப்பது போன்றது. இரண்டாவது, தான் சேர்ந்துள்ள சங்கமோ கூட்டமைப்போ எல்லாக் கழகங்கட்கும் சேர்த்து நடத்தும் தளத்தில் ஓர் அறையைப் பெறுவது. இது பொது மன்றத்தில் இடம் பெறுவது போன்றது. மூன்றாவது, முகநூல் போன்ற வணிக நிறுவனங்கள் இலவசமாகத் தரும் பக்கத்தில் செய்திகளை இடுவது. இது பிறர் திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்றது.

மூன்றிற்கும் நன்மை உண்டு. மூன்றிற்கும் குறை உண்டு. எனவே ஒன்றை மட்டும் புகழ்ந்து மற்றவற்றை இகழ்வது அறிவுடைமை ஆகாது. இவ்வழிகளில் முன்னரே நடந்து பார்த்தோரின் வரலாற்றை ஆராய்ந்து முடிவு காண்பதே முறையாகும்.

ஊர் கூடி இழுத்த தேர்

பொது மன்றத்தின் பெருமையைக் காட்டும் வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது. அந்நாட்டு மக்கள் பெரிதும் போற்றும் ஆட்டங்களுள் பேஸ்பால் ஒன்று. அவ்வாட்டத்தின் தலைமைப் பிரிவில் 30 கழகங்கள் உள்ளன. 2000-ஆம் ஆண்டிற்கு முன்னர் அவை தத்தம் விருப்பம்போல் இணையத்தளம் நடத்தி வந்தன. ஆயினும் அவற்றின் வலிமை ஒரு தன்மையது அன்று. 2000-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நியூயார்க்கு நகரில் 80 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். மில்வாக்கி நகரிலோ ஏறத்தாழ 6 இலட்சம் மக்களே வாழ்ந்தனர். ஒவ்வொரு கழகமும் தன் தளத்தைத் தானே நடத்திப் பொருள் ஈட்டுமாயின், நியூயார்க்குக் கழகம் மேன்மேலும் செழிக்கும். மில்வாக்கிக் கழகம் மேன்மேலும் மெலியும். பொருள் மெலிந்த கழகம் நல்ல ஆட்டக்காரரைப் பெறாது. நல்ல ஆட்டக்காரர் இல்லாத கழகத்தோடு ஆடும் ஆட்டத்தைக் காண எவர் வருவர்?

அக்காலத்தில் பேஸ்பால் ஆணையராக விளங்கிய பட் செலிக் என்பார் இதனை நன்கு உணர்ந்தவர். இணையத்தால் வரும் ஊதியம் எல்லாக் கழகங்கட்கும் சமமாகப் பங்கிடப்படுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. 2000-ஆம் ஆண்டில் 30 கழகங்களின் உரிமையாளரும் தத்தம் இணைய உரிமையைப் பொதுவில் வைக்க உடன்பட்டனர். அதன் பயனாக நியூயார்க்கு நகரில் ஒரு பொது நிறுவனம் தோன்றியது. ஒவ்வொரு கழகமும் ஆண்டுக்கு 10 இலட்சம் டாலராக நான்கு ஆண்டுகள் முதல் இடுவது என்பது ஏற்பாடு. முப்பது கழகங்களின் பங்கையும் கூட்டினால் அது 12 கோடி டாலர் ஆகும். ஆனால் அத்தொகை முழுவதும் தேவைப்படுமுன்னரே அந்நிறுவனம் தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது.

ஊர் கூடித் தேர் இழுத்தால் தேர் நிலைக்கு வரும் என்பது தமிழர் கண்ட உண்மை. அவ்வுண்மை அங்கே பலித்தது. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் நியூயார்க்கு யாங்கீசு கழகமும் டெக்சாசு ரேஞ்சர்சு கழகமும் ஆடிய ஆட்டத்தை அந்நிறுவனம் இணையத்தின் வழியே நேரில் காட்டிற்று. ஏறத்தாழ 30,000 பேர் அதனைக் கண்டனர். இன்று ஆட்டத்தைக் கையடக்கக் கருவியில் காண்பது எளிய செயல். அன்றோ அது புதுமையிற் புதுமை. மறு ஆண்டில் கட்டணம் பெற்று ஆட்டங்களைக் காட்டும் முறை வந்தது. 2005-ஆம் ஆண்டில் நுழைவுச் சீட்டு விற்கும் நிறுவனம் ஒன்றை அப்பொது நிறுவனம் விலைக்கு வாங்கிற்று.

ஆட்டம் காட்டுவதற்காக அமைத்த கருவிகள் பின்னர்ப் பிறர்க்கும் பயன்பட்டன. 2015-ஆம் ஆண்டில் எச்.பி.ஓ. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் அளிப்பதற்கு இக்கழகங்களின் பொது நிறுவனத்தையே நாடியது. அக்கருவிப் பகுதி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டபோது, 2016-ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் அதன் மூன்றில் ஒரு பங்கை 100 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. 2017-ஆம் ஆண்டில் மேலும் 42 விழுக்காட்டுப் பங்கை 158 கோடி டாலர் கொடுத்துப் பெற்றது. முப்பது கழகங்களும் முப்பது தனி மனைகளில் ஒதுங்கியிருப்பின் இத்தகைய ஆக்கம் கைகூடியிருக்குமா?

பெரிய கழகம் தன் ஊதியத்தைச் சிறிய கழகத்தோடு பகிர்ந்துகொள்ள உடன்பட்டது ஏன் என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை ஆட்டத்தின் இயல்பிலேயே உள்ளது. எத்துணைப் பெரிய கழகமும் தனித்து ஆட இயலாது. எதிரே நிற்க மற்றொரு கழகம் வேண்டும். ஆட்ட நாள் இருவர்க்கும் உரியது. வெற்றி தோல்விக் கணக்கு இருவர்க்கும் உரியது. தரவரிசைப் பட்டியலோ எல்லார்க்கும் உரியது. இயல்பாகவே பொதுவான பொருளைப் பொதுவில் வைத்தலே தக்கது. இதுவே அமெரிக்கக் கழகங்களின் செயலில் பொதிந்துள்ள உண்மை.

ஒரே அச்சில் வார்த்த முகங்கள்

இனி, பொது மன்றத்தின் குறையையும் காணல் வேண்டும். இங்கிலாந்தில் 1888-ஆம் ஆண்டில் தோன்றிய கால்பந்துச் சங்கம் உலகில் பழைமை வாய்ந்த ஒன்று. அந்நாட்டின் முதல் நிலையில் பிரிமியர் லீக் என்னும் அமைப்பின் 20 கழகங்கள் ஆடுகின்றன. அதற்கு அடுத்த மூன்று நிலைகளில் ஆடும் 72 கழகங்கள் இச்சங்கத்தைச் சேர்ந்தவை. முதல் நிலைக் கழகங்கள் செல்வம் மிக்கவை. ஆதலின் அவற்றுள் பல தத்தம் தளங்களைத் தாமே நடத்தின. ஏனைய 72 கழகங்களுள் மிகப் பலவற்றின் தளங்களை 2000-ஆம் ஆண்டிற்குப் பின் நெடுங்காலம் ஒரு பொது நிறுவனமே அமைத்து நடத்திற்று.

அதனால் செலவு குறைந்தது என்பது உண்மை. சிறிய கழகமும் பிறர்போல ஒரு தளம் பெற்றது என்பதும் உண்மை. ஆயினும் அத்தளங்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தன. மேலேயுள்ள சின்னத்தையும் நிறத்தையும் மறைத்துவிட்டால், இது எக்கழகத்தின் தளம் என்று கூறுதல் அரிதாயிற்று. ஒவ்வொரு கழகத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒன்று தேவாலயத்து இளைஞரால் தோன்றியது. மற்றொன்று புகைவண்டித் தொழிலாளரால் தோன்றியது. வேறொன்று படைக்கலத் தொழிற்சாலையில் பிறந்தது. இவ்வேறுபாடுகளே அன்பரின் நெஞ்சைக் கழகத்தோடு பிணிக்கும் கயிறுகள். எல்லார்க்கும் ஒரே அளவில் தைத்த சட்டை எவர்க்கும் பொருந்தாதவாறு போல, எல்லாக் கழகங்கட்கும் பொதுவாக அமைத்த பக்கத்தில் எக்கழகத்தின் உயிரும் முழுமையாக விளங்குவதில்லை.

மேலும், பொது மன்றத்தில் ஒரு சுவரை இடிக்கவோ ஒரு சாளரம் வைக்கவோ வேண்டுமாயின் மன்றத்தாரின் இசைவு வேண்டும். மகளிர் அணிக்குத் தனிப் பகுதி வேண்டும், சிறுவர் பயிற்சிக்குத் தனிப் பகுதி வேண்டும், பழைய ஆட்டக்காரரின் நினைவுகளைத் தொகுக்க இடம் வேண்டும் என்று ஒரு கழகம் விழையலாம். பொது அமைப்பில் அதற்கு இடம் இல்லையெனின் அவ்விழைவு விழைவாகவே நின்றுவிடும்.

2017-ஆம் ஆண்டில் அச்சங்கம் ஐபாலோ என்னும் புதிய அமைப்பைத் தொடங்கியது. அயல்நாட்டில் வாழும் அன்பர்கள் கட்டணம் செலுத்தித் தம் கழகத்தின் ஆட்டத்தை நேரில் காண அது வழி செய்தது. பல கழகங்கள் அதில் சேர்ந்தன. சில கழகங்கள் அதில் சேராது தனி அமைப்பை நடத்தின. 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது இவ்வமைப்புகளின் அருமை புலனாயிற்று. ஆடரங்கின் வாயில்கள் மூடப்பட்டன. நுழைவுச் சீட்டு வருவாய் நின்றது. அப்பொழுது இக்கழகங்கள் தம் ஆட்டங்களை இணையத்தின் வழியே உள்நாட்டு அன்பர்க்கும் காட்டின. ஓர் ஆட்டத்திற்குப் பத்துப் பவுன் கட்டணம் பெறப்பட்டது. பொது அமைப்பில் இருந்த கழகமும் பிழைத்தது. தனி அமைப்பு வைத்திருந்த கழகமும் பிழைத்தது. அன்பர்களைச் சென்றடைய ஏதேனும் ஓர் உறுதியான வழியை முன்னரே அமைத்திருந்தமையே அவற்றைக் காத்தது.

யானைக்குத் தீனி

சொந்த மனையின் பெருமையைக் கூறுவோர் அதனைப் பேணும் சுமையை மறந்துவிடுதல் கூடாது. தளத்தை அமைப்பது எளிது. நாள்தோறும் காப்பதே அரிது. யானையை வாங்குவதைவிட அதனைக் கட்டித் தீனி போடுவது கடினம் அன்றோ?

தனித்தளத்திற்கு முதலாவது வேண்டுவது பெயர். இணையத்தில் ஒரு தளத்தின் முகவரி எவர்க்கும் நிரந்தர உடைமையாக விற்கப்படுவதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை குறித்த காலத்திற்குக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். காலம் முடிந்தபின் புதுப்பிக்கத் தவறினால், சில நாள் தவணைக்குப் பின்னர் அப்பெயரைப் பிறர் எவரேனும் எடுத்துக்கொள்ளலாம். பல சிறு கழகங்களில் ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தம் பெயரிலேயே முகவரியைப் பதிவு செய்துவிடுவார். அவர் வேறூர் சென்றாலோ, கழகத்தாரோடு மனம் வேறுபட்டாலோ, முகவரியும் அவரோடு சென்றுவிடும். கழகத்தின் வாயிற்கதவுக்குரிய திறவுகோல் ஒருவர் மடியில் மட்டும் இருத்தல் ஆகாது.

பெயரின் அருமையை முன்னர்க் கூறிய பேஸ்பால் அமைப்பின் வரலாறே உணர்த்தும். அவ்வமைப்பின் பெயரைச் சுருக்கினால் எம், எல், பி என்னும் மூன்று எழுத்துகள் வரும். அம்மூன்று எழுத்துகளையும் கொண்ட இணைய முகவரியைப் பிலடெல்பியா நகரில் தோன்றிய ஒரு வழக்கறிஞர் நிறுவனம் முன்னரே பதிவு செய்து வைத்திருந்தது. அந்நிறுவனத்தின் பெயரும் அதே மூன்று எழுத்துகளாகச் சுருங்கும். ஆதலின் நாடறிந்த பேஸ்பால் அமைப்பு நீண்டதொரு முகவரியைக் கொண்டு காலங் கழித்தது. 2000-ஆம் ஆண்டில்தான் அச்சிறு முகவரி அதன் கைக்கு வந்தது. கோடிக்கணக்கில் பொருள் புரளும் அமைப்பிற்கே இந்நிலை நேர்ந்தது எனின், சிறு கழகங்கள் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

இரண்டாவது வேண்டுவது உழைப்பு. தளம் தொடங்கிய ஆண்டில் ஆர்வம் பொங்கும். ஆட்டம் முடிந்த அன்றிரவே முடிவு ஏறும், படங்கள் ஏறும். இரண்டாம் ஆண்டில் ஆர்வம் தணியும். மூன்றாம் ஆண்டில் சென்ற பருவத்து அட்டவணையே முகப்பில் நிற்கும். அதனை நம்பி ஒரு சிறுவன் விடியற்காலையில் எழுந்து, பேருந்து ஏறி, ஆடுகளம் சேர்ந்தால் ஆங்கே ஆளரவமற்ற வெறுங்களமே அவனை வரவேற்கும். தளமே இல்லாதிருப்பின் அவன் எவரையேனும் கேட்டறிந்திருப்பான். பழைய செய்தியைச் சுமந்து நிற்கும் தளம் செய்தி கூறாத தளத்தினும் தீது.

மூன்றாவது வேண்டுவது காவல். கழகத்தின் தளத்தில் உறுப்பினரின் பெயர், தொலைபேசி எண், பிறந்த நாள் முதலியன சேமிக்கப்படலாம். சிறுவர் சிறுமியரின் படங்கள் இடம் பெறலாம். இவை தீயோர் கையில் சிக்காதவாறு காத்தல் கழகத்தின் கடமை. 2018-ஆம் ஆண்டு மே திங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு நெறிமுறை, பிறர் பற்றிய விவரங்களைத் திரட்டி வைப்போர்க்குப் பல கடமைகளை விதித்தது. ஊதியமின்றித் தொண்டு செய்வோரால் நடத்தப்படும் கழகமும் அக்கடமைகளுக்கு விலக்கன்று. சிறுவரின் படத்தை வெளியிடுமுன் பெற்றோரின் இசைவைப் பெறுதலும், படத்தின் கீழ் முழுப் பெயரை இடாது விடுதலும் நன்னெறியாகும்.

இரவல் இடம்

மனை கட்டவும் பொருளில்லை, மன்றத்தில் இடம் பெறவும் விருப்பமில்லை என்போர் மூன்றாம் வழியை நாடுவர். முகநூல் போன்ற நிறுவனங்கள் இலவசமாக இடம் தருகின்றன. கணப்பொழுதில் பக்கம் அமைக்கலாம். ஊரார் பலரும் முன்னரே அங்கே கூடியிருத்தலால் செய்தி விரைவில் பரவும். மழையால் ஆட்டம் நின்றது என்பதை அறிவிக்க அதனினும் விரைவான கருவி இல்லை.

ஆயினும் இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக முடிதல் கூடாது. 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஜியோசிட்டீஸ் என்னும் அமைப்பு உலகப் புகழ் பெற்றிருந்தது. எவரும் அங்கே இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம். நகரத்தைத் தெருக்களாகப் பிரிப்பதுபோல் அங்கே பக்கங்களைப் பொருள்வாரியாகப் பிரித்திருந்தனர். விளையாட்டுக்குரிய பகுதிக்குக் கொலோசியம் என்று பெயர்; அஃது உரோமாபுரியின் பழைய ஆடரங்கின் பெயர். 1999-ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் இவ்வமைப்பைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிற்று. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அதனை மூடிவிட்டது. பல்லாண்டுகளாக ஆர்வலர் சேர்த்து வைத்த ஆட்ட முடிவுகள், படங்கள், நினைவுகள் ஆகியவற்றுள் ஒரு பகுதியை இணைய ஆவணக் காப்பகமும் தொண்டர் சிலரும் முயன்று காத்தனர். எஞ்சியவை உரோமாபுரியின் அரங்கைப்போல் இடிபாடாகக்கூட நில்லாமல் மறைந்தொழிந்தன.

இஃது ஒரு முறை நிகழ்ந்து நின்றுவிட்டதும் அன்று. 2011-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் தொடங்கிய கூகிள் பிளஸ் என்னும் அமைப்பு 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் முகநூலும் அதனோடு சேர்ந்த வாட்சப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் செயலற்றுப் போயின. அந்நாளில் அவற்றை மட்டுமே நம்பியிருந்தோர் வாயடைத்து நின்றனர். திண்ணைக்கு உரியவன் கதவைச் சாத்தினால் திண்ணையில் இருந்தோர் என் செய்வர்?

எனவே பிறர் திண்ணையில் பேசலாம். ஆனால் பெட்டகத்தை அங்கே வைத்தல் ஆகாது. விரைந்து மறையும் செய்திக்கு அவ்விடம் ஏற்றது. நின்று நிலவ வேண்டிய பதிவுக்கு அஃது ஏற்றது அன்று.

முடிவு காணும் முறை

மூன்று வழிகளின் தன்மையையும் ஆராய்ந்த பின்னர்ச் செய்யத் தக்கது யாது? கழகத்தின் செய்திகளை இரு கூறாகப் பிரித்துக் காணல் வேண்டும். ஆட்ட நாள், ஆட்ட முடிவு, தரவரிசை ஆகியவை இயல்பாகவே பொதுவானவை. கழகத்தின் தோற்றம், பழைய ஆட்டக்காரர், வென்ற கோப்பை, தோற்றும் கலங்காத நாள், களம் அமைக்க உழைத்த கைகள் ஆகியவை இயல்பாகவே தனக்கே உரியவை. ஆட்டம் பொது, நினைவு தனி. பொதுவானதைப் பொது மன்றத்தில் வைத்தலும் தனக்கு உரியதைத் தன் மனையில் வைத்தலும் முறையாகும்.

இம்முறை வெறுங் கற்பனை அன்று. இங்கிலாந்தில் கிரிக்கெட்டு ஆட்டத்தை ஆளும் வாரியம் பிளே-கிரிக்கெட் என்னும் பொதுத்தளத்தை நடத்துகின்றது. சிற்றூர்க் கழகங்கள் தம் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கை அதில் பதிகின்றன. தரவரிசையைப் பொதுத்தளமே கணக்கிட்டுக் காட்டுகின்றது. ஒவ்வொரு கழகமும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பிழைபடும் தொல்லை இல்லை. அங்ஙனம் பதியும் கழகங்களுள் பல, தமக்கெனத் தனித்தளமும் வைத்துள்ளன. ஆங்கே ஊர்க் களத்தின் வரலாறும், சிறுவர் பயிற்சி நேரமும், தேநீர் விருந்தின் அறிவிப்பும் இடம் பெறுகின்றன. கணக்கு மன்றத்தில், கதை மனையில்.

தனித்தளம் தொடங்க விழையும் கழகம் தன்னைத் தானே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். கிழமைதோறும் செய்தி எழுத முன்வருவோர் ஒருவரா, இருவரா? ஒருவர் விலகினால் மற்றொருவர் அப்பணியை ஏற்பாரா? முகவரி கழகத்தின் பெயரில் பதிவாகியுள்ளதா? திறவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவரேனும் அறிவாரா? ஆண்டுக் கட்டணம் வரவு செலவுத் திட்டத்தில் இடம் பெற்றுள்ளதா? பழைய பதிவுகளின் படி ஒன்று தளத்திற்கு வெளியே தனியே காக்கப்படுகின்றதா? இவ்வினாக்கட்கெல்லாம் துணிவாக விடை கூற இயலுமாயின், அக்கழகம் தனி மனை கட்டலாம். விடை கூற இயலாதாயின், பொது மன்றத்தில் இடம் பெற்றுப் பணியாற்றுவதே நன்று. அது தாழ்வு அன்று. தன் வலிமை அறிந்து செய்யும் செயலே ஆகும்.

எவ்வழியை மேற்கொள்ளினும் இரண்டு பொருள்களைக் கழகம் தன் கையினின்றும் விடுதல் கூடாது. ஒன்று தன் பெயர். மற்றொன்று தன் பதிவு. முகவரி தன்னுடையதாக இருப்பின், இன்று பொது மன்றத்தைச் சுட்டும் அம்முகவரியையே நாளை சொந்த மனையைச் சுட்டுமாறு மாற்றிவிடலாம். அன்பர் வழி தவறார். பதிவின் படி தன்னிடம் இருப்பின், மன்றம் மூடினும் திண்ணை இடியினும் வரலாறு அழியாது. பெயரும் பதிவும் இழந்த கழகத்திற்கோ எத்துணை அழகிய தளம் இருப்பினும் பயன் இல்லை.

தனித்து நிற்பது பெருமை என்று எண்ணிச் சுமக்க இயலாத சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வோரும் உளர். கூடி நிற்பது எளிது என்று எண்ணித் தமக்கே உரிய செல்வத்தைப் பிறர் கையில் ஒப்படைப்போரும் உளர். இவ்விரு பிழைக்கும் இடங்கொடாமல், கூட வேண்டிய இடத்தில் கூடியும் தனித்து நிற்க வேண்டிய இடத்தில் தனித்தும் வாழத் தெரிந்த கழகமே நீடு நிலைக்கும். ஆடுகளம் கற்பிக்கும் பாடமும் இதுவே. பந்து வரும்போது ஒவ்வோர் ஆட்டக்காரனும் தன் இடத்தைத் தானே காக்கின்றான். ஆயினும் ஆட்டத்தை வெல்வது அணியே ஆகும்.

வினாக்கள்

1. இணையம் தோன்றுவதற்கு முன் விளையாட்டுக் கழகங்கள் எவ்வெவ்வழிகளால் செய்தி அறிவித்தன?

2. அமெரிக்கப் பேஸ்பால் கழகங்கள் இணைய உரிமையைப் பொதுவில் வைக்க உடன்பட்டமைக்குக் காரணம் யாது?

3. பொதுத்தளத்தால் விளையும் குறைகளை விளக்குக.

4. ‘பிறர் திண்ணையில் பேசலாம், ஆனால் பெட்டகத்தை அங்கே வைத்தல் ஆகாது’ - இக்கூற்றின் பொருளைத் தக்க சான்று காட்டி எழுதுக.

5. நும் பள்ளி விளையாட்டுக் குழு தனித்தளம் நடத்தலாமா? இரு சாராரின் கருத்தையும் அமைத்து ஓர் உரையாடல் வரைக.